வீட்டு நம்பர்

நாற்பத்தொரு பெண்கள், நாற்பத்தொரு கைபேசி எண்கள். அந்த வருட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்கள் பயிற்சி மையத்தின் சேர்க்கைப் படிவத்தில் கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. ஒருவர்கூட அதைக் காலியாக விடவில்லை. ஆகவே எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று கணக்கை முடித்துவிட்டேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற முப்பத்தைந்து வயதுப் பெண். தலைவர் என்று பலகையில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பு நடத்துவது, பழுதான கணினிக்கு ஆள் பிடிப்பது, வராமல் நின்றுவிட்ட பெண்களின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது எல்லாம் அவர்தான்.

“சார், இதுல ஏதாவது ஒரு நம்பருக்குப் போட்டுப் பாருங்க.”

போட்டேன். “யாருங்க? நான் சவாரியில இருக்கேன்” என்றது ஓர் ஆண்குரல். இன்னொன்றைப் போட்டேன். ஒரு பெரியவர் எடுத்து, மகள் கழனிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, நான் யார், எந்த ஊர், அவளை எதற்குக் கேட்கிறேன் என்று விசாரித்தார். மூன்றாவது எண் பெங்களூரில் இருந்த ஓர் அண்ணனுடையது.

“எல்லாம் வீட்டு நம்பர் சார்.”

“வீட்டு நம்பர்னா?”

“வீட்ல இருக்கற ஆம்பளை நம்பர். உங்க கட்டத்துல கைபேசி எண்ணுன்னுதானே போட்டிருக்கு? யாரு கைபேசின்னு கேக்கலியே.”

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்துக்காக எண்ணியவன் நான். கிணறு, பம்புசெட், கறவை மாடு, கூரை வீடு, ஓட்டு வீடு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆண்தான் வெளியே வந்து பதில் சொல்வார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அதைத் திருத்தும். நான் ஆண் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல்கள்தான் என்னை உட்காரவிடவில்லை. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, பெண்களுக்குக் கணினியும் இணையமும் பழக்குவதற்காக வேங்கிக்காலில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு நண்பர் காலமானார். இன்னொருவர் மகனோடு இருக்கப் போய்விட்டார். மிஞ்சியவன் நான் என்பதால் தலைவரானேன். இத்தனைக்கும் பிறகு அதே தவற்றை என் சொந்தப் படிவத்திலேயே செய்திருந்தேன்.

மறுபடி உட்கார்ந்து எண்ணினோம். சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் பதின்மூன்று பேர். இருபத்தொரு பேருக்கு வீட்டில் கேட்டால் ஓடிபியைப் படித்துச் சொல்லிவிடுவார்கள். மீதி ஏழு பேருக்கு அந்த வழியும் இல்லை. ஒருத்தியின் கணவருக்கு ஷேர் ஆட்டோ. போன் நாள் முழுக்க வண்டியோடு போய்விடும். ஒருத்தியின் மாமனார் தெரியாத எண்ணிலிருந்து எது வந்தாலும் அழித்துவிடுவார். மின்னஞ்சல் திறப்பதானாலும் வேலைக்கு விண்ணப்பிப்பதானாலும் ஓடிபி இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. கணினி எல்லாம் பழகிவிட்டு இந்த ஏழு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

“அந்த ஏழு பேருக்கும் என் நம்பரைப் போட்டுடுங்க” என்றேன்.

“மையத்துப் போன் நம்பரைப் போடலாமே சார்?”

மையத்துப் போன் மேசை இழுப்பறையில் கிடக்கும். பாதி நாள் சார்ஜ் இருக்காது. என் போன் பதினோரு வருடமாக என் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை. இதை வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்போ ஏழு பேருக்கும் சார்தான் வீட்டுக்காரரு!”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க சார்” என்றாள் இன்னொருத்தி. ஒருங்கிணைப்பாளர் அதட்டுவது போல் திரும்பினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் சிரித்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

முதலில் பேசியவள் அந்த ஏழு பேரில் ஒருத்தி, ஷேர் ஆட்டோக்காரரின் மனைவி. இருபத்தாறு வயது, கணிதத்தில் பட்டம், ஒரு குழந்தை. இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவளைப் பற்றித்தான்.

அடுத்த சில மாதங்கள் என் போன் எனக்கு ஓய்வே தரவில்லை. முடி வெட்டிக்கொள்ளும்போது வரும். செங்கம் ரோட்டில் காபி குடிக்கும்போது வரும். வந்த உடனே மையத்துக்குப் பேசி ஆறு இலக்கங்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வேன். யாருக்கு, எந்தத் தளம், எத்தனை மணி என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரே எண்ணை எத்தனை பேருக்கு ஏற்பார்கள் என்பதில் தளத்துக்குத் தளம் விதி வேறு. அதையும் எழுதி வைத்தேன். பௌர்ணமி வந்தால் பாதிப் பெண்கள் கிரிவலப் பாதையில் கடை போடப் போய்விடுவார்கள், அன்று போன் கம்மியாகத்தான் அடிக்கும். அந்த நாட்களில் மொட்டை மாடியில் நடப்பேன். ஒரு நடைக்கு இருபத்துமூன்று தப்படி. இரண்டு நடைக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. என்னைக் கேட்காமல் ஏழு கதவுகள் திறக்காது என்பது பிடித்திருந்தது. அப்போது இதை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சென்னையில் ஒரு நிறுவனம் மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தோ எங்கள் மையத்திலிருந்தோ செய்யலாம். அந்தப் பெண் விண்ணப்பித்தாள், முதல் சுற்றில் தேர்வானாள். அடுத்தது இணையத்தில் ஒரு மணி நேரத் தேர்வு, ஒரே ஒரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று என் போனுக்குச் செய்தி வந்தது.

எனக்கு வலது கண்ணில் புரை. அறுவைக்குச் செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். புதன், வியாழன் ஓய்வு, வெள்ளி காலை நான் தயார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஒருங்கிணைப்பாளர், “இந்த ஒருதரம் வேற நம்பர் மாத்திக்கலாமா சார்?” என்றார். “எதுக்கு? எல்லாம் கணக்குப் பண்ணிட்டேன்” என்றேன்.

செவ்வாய் மாலை கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாளைக்குப் போன் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை என் மனைவி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, போனைப் பீரோவில் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குப் பீரோவுக்குள் போன் அடித்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டு என் கட்டிலருகே வந்தாள்.

“ஏங்க, பரீட்சை இன்னைக்காம். நேத்தே சேதி அனுப்பியிருக்காங்களாம். அந்தப் பொண்ணு பழகிப் பாக்கலாம்னு கம்ப்யூட்டரத் தொறந்தா, இன்னைக்குப் பத்து மணின்னு காட்டுதாம். ஓடிபி கேக்கறாங்க.”

நாள் மாற்றிய செய்தி நான் அறுவை மேசையில் படுத்திருந்தபோது வந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்தேன். போனின் பூட்டு ஒன்பது புள்ளிகளில் கோடு இழுத்துத் திறப்பது. விரல் பழக்கத்தில் திறந்து, பேச்சை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். இடது கண்ணிலும் புரை உண்டு, அது இன்னும் முற்றவில்லை என்று விட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் நீரில் ஊறியது போல் தெரிந்தது. போனை மூக்குவரை கொண்டுபோய் ஆறு இலக்கங்களைப் படித்துச் சொன்னேன்.

“தப்புன்னு வருது சார்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

எட்டை மூன்று என்று படித்திருக்கிறேன். மறுபடி ஓடிபி வர வேண்டும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தேன். வந்தது. படித்தேன். அதுவும் தப்பு. மணி பத்து ஐந்து. பத்தே காலுக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், எப்போது நுழைந்தாலும் பதினொன்றுக்குத் தேர்வு முடிந்துவிடும். மூன்றாம் முறையும் தவறினால் அன்றைக்குக் கதவு மூடிக்கொள்ளும். போனில் ஒருங்கிணைப்பாளரின் மூச்சு கேட்டது, அதற்குப் பின்னால் அந்தப் பெண், “சாரை மெதுவா படிக்கச் சொல்லுங்கக்கா” என்றது கேட்டது.

“குடுங்க இப்படி” என்றாள் மனைவி.

“உனக்கு இது பழக்கமில்ல. நேரம் ஆயிடும்.”

“நாலு வருஷமா உங்க மாத்திரை அட்டையெல்லாம் யாரு படிக்கறது? கொசு மாதிரி எழுத்து. இது இவ்ளோ பெருசா இருக்குது.”

என் கையிலிருந்து பிடுங்கித்தான் எடுத்தாள். மூன்றாவது ஓடிபி வந்ததும் ஒவ்வொரு எண்ணாக, கடைக்காரரிடம் சாமான் சொல்வது போல் சொன்னாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம். பிறகு, “உள்ள போயிட்டாங்கம்மா!” என்றார் ஒருங்கிணைப்பாளர். பத்து ஒன்பது.

மறுநாள் ஒருங்கிணைப்பாளரும் அந்தப் பெண்ணும் சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தார்கள். நான் கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

“எத்தனை கேள்வி விட்டுப்போச்சு?”

“எட்டு சார்.”

“அந்த ஒன்பது நிமிஷம் இருந்திருந்தா?”

“எட்டும் போட்டிருப்பேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கணிதம் படித்தவள், கேட்டதற்கு விடை சொன்னாள்.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது, என் போனுக்குத்தான். தேர்வாகவில்லை. நான்கு மதிப்பெண் குறைவு. அடுத்த தேர்வுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நடந்து நடந்து வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் முகம் உடனே மாறவில்லை. “எப்ப சார் வந்துச்சு?” என்றாள்.

“முந்தாநேத்து.”

“எனக்கு வந்த சேதிங்க சார் அது” என்றாள்.

நான்கு மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத்தான் நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை. அந்த நான்கு நாளும் நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனோடும், அவள் பெயரிலேயே வாங்கிய சிம்மோடும் வந்தாள். விரல் ரேகை வைத்ததும் கொடுத்துவிட்டார்களாம்.

“உங்க நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போடணும் சார். பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும்.”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தேன்.

“குடுங்க சார். நானே பாத்துக்கறேன்.”

கொடுத்தேன். நின்றபடியே பார்த்து, தட்டி, திருப்பித் தந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மாதத்துக்குள் இன்னும் நான்கு பேர் மாற்றிக்கொண்டார்கள். மீதி இரண்டு பேரை ஒருங்கிணைப்பாளர் மையத்துப் போனுக்கு மாற்றினார். அதன் சார்ஜரை மேசையோடு சேர்த்துக் கட்டிவைத்தார். என்னைக் கேட்கவில்லை. படிவத்தில் ‘கைபேசி எண்’ கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார்: ‘இந்த எண்ணுக்குப் பேசினால் எடுப்பது யார்?’ புதிய அணியில் பத்தொன்பது பெண்கள். ஐந்து பேர் ‘நான்’ என்று எழுதியிருந்தார்கள். இந்த வருட அறிக்கையில் ஐந்து என்றுதான் போட்டேன். நன்கொடை தருகிறவர்கள் ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுத வேண்டும்.

இப்போது என் போனில் மருந்துக் கடை விளம்பரங்கள்தான் வருகின்றன. அந்தப் பெண் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அந்த நிறுவனம் தேர்வை இந்த மாதம் வைக்குமா, அடுத்த மாதம் வைக்குமா, நாள் மாற்றிவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன்.

“அவளுக்குத் தேதி வந்துடுச்சாம்மா?”

“வந்திருக்கும் சார்.”

“என்னைக்கு?”

“அவங்களைத்தான் கேக்கணும்.”

“அவ புது நம்பரைக் குடுங்க, நானே கேட்டுக்கறேன்.”

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: “அவங்ககிட்ட கேட்டுட்டுத் தரேன் சார்.”

இன்று வியாழன். இன்னும் தரவில்லை.