அப்பாவின் துருவ நட்சத்திரம்

அந்த டிசம்பரில் அப்பா வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தபோது பெரியம்மாவுக்குக் கம்பளி வரவில்லை. மாமாவுக்குச் சென்ட் வரவில்லை. அம்மா போனில் மூன்று தடவை ஞாபகப்படுத்தியிருந்த பால்பொடியும் வரவில்லை. விமானத்தில் அனுமதித்த எடையில் பாதியை ஒரே ஒரு அட்டைப்பெட்டி விழுங்கிவிட்டிருந்தது. உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அப்பா அதைக் கத்தியால் கீறிப் பிரித்தார். உள்ளேயிருந்து கறுப்பாக ஓர் இரும்புக் கழுத்து வெளியே வந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, இறைச்சி அரைக்கிற மிஷினா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் காப்பியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதன் பெயர் மவுண்ட். அதில் மாட்டவேண்டிய தொலைநோக்கி முந்தின விடுப்பிலேயே வந்து, அலமாரியின் மேல் பழைய லுங்கியில் சுற்றிக் கிடந்தது. நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், கேமராவை நெடுநேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தால் புள்ளி கோடாகிவிடுமாம். இந்த மவுண்டில் மோட்டார் உண்டு. வானம் போகிற வேகத்திலேயே அது தொலைநோக்கியையும் திருப்பிக்கொண்டு போகும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மவுண்டின் அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தைச் சரியாகக் குறிபார்த்து நிற்கவேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஒரே பிள்ளை. அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் வருவார். போனில் அவரோடு பேசுவது சுலபம். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்பார், ஆமாம் என்பேன். நேரில் வந்தால் அந்த இரண்டு கேள்வியும் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு நாள் முழுக்க நாங்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வீட்டுக்குள் நடமாடுவோம். எனக்கு அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் அவர் முற்றத்தில் மவுண்டை நிறுத்தினார். நாங்கள் இருந்தது தெற்குக் கேரளத்தில் ஒற்றசேகரமங்கலத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். வெளிநாட்டில் செய்த மவுண்டோ அவ்வளவு தாழ்ந்து குனிய மறுத்தது. அப்பா மவுண்டைத் தாங்கிய முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் வெட்டுக்கல் ஒன்றை வைத்துச் சாய்த்தார்.

"மக்கா, இஞ்ச வா. இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடி."

இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க டார்ச்சின் வாயில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் நினைவில் அப்பாவும் நானும் சேர்ந்து செய்த முதல் காரியம். அவர் திசைகாட்டியைப் பார்த்தார். வடக்கே, ரப்பருக்கு மேலே, மலையின் கறுப்பு விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. மவுண்டின் அச்சுக்குள் இருந்த குட்டித் தொலைநோக்கியில் கண்ணை வைத்து அதை நடுவில் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் தடிச்சுல்லா தெரியுது. பனியாக்கும்."

எனக்கும் காட்டினார். துருவ நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டேன் என்று நான் பூரித்துப்போனேன்.

அவர் எடுக்க ஆசைப்பட்டது ஓரியனின் படம். அதில் வரிசையாக மூன்று நட்சத்திரமும், அவற்றின் கீழே புகை போல ஒரு மேகமும் இருக்கும். "ஒரே ஒரு படம். அது நேராக் கிடச்சா எல்லாத்தையும் கெட்டி வெச்சிருவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்று எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் நீளநீளமாக இழுபட்டிருந்தன. அம்மா கேமராவை எட்டிப் பார்த்து, "சேமியாப் பாயாசம் போல உண்டு" என்றாள். அப்பா திரும்பவும் வடக்கைச் சரிபார்க்கக் குனிந்தார். அங்கே நட்சத்திரம் இல்லை.

"பனி மூடிட்டு போல" என்றார்.

உள்ளே சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைமேல் எங்கள் சபைக்கு ஒரு சின்ன ஜெபவீடு உண்டு. அந்த வருடம்தான் அதற்குக் கரண்டு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் உள்ளே பல்ப் எரியும் ஒரு பெரிய கிறிஸ்துமஸ் காகித ஸ்டாரைத் தூக்கிக்கொண்டு மலையேறிப்போய், கமுகுமரக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தோம். ஊரெல்லாம் சிவப்பும் பச்சையுமாக ஸ்டார் தொங்குகிறது, மலைக்கு வெள்ளைதான் வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு அணைத்துவிடுவேன் என்று அங்கே வைத்தே, ஜெபவீட்டைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எங்களிடம் கறாராகச் சொல்லியிருந்தார். கம்பத்தில் கயிற்றை இழுத்தவர்களில் நானும் ஒருத்தி. இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அப்பா என் தலையில் கையை வைத்து, "சாரமில்ல, போகட்டும் மக்கா. நாளக்கும் பாப்போம். நீ வருவதானே?" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். படம் கிடைத்தால் கட்டி வைத்துவிடுவார். கட்டி வைத்துவிட்டால் டார்ச் பிடிக்க ஆள் வேண்டியதில்லை.

அப்படியே நாட்கள் போயின. தினமும் ஏழு மணிக்கு அப்பா காகித ஸ்டாரைக் குறிபார்ப்பார். பத்து மணிக்குக் கோயில்பிள்ளை அதை அணைப்பார். நடுவில் எல்லாப் படமும் சேமியாவாக வரும். வெட்டுக்கல் ஆடுகிறது என்று சிமெண்டுத் துண்டு வைத்தார். பேட்டரி சரியில்லை என்று பக்கத்து டவுன் காட்டாக்கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் வெறும் டார்ச் பிடிப்பதிலிருந்து திருகாணி எடுத்துக்கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தேன். சட்டை நனைகிற பனியில், அவர் தோளை ஒட்டி நின்றபடி, எனக்கு அந்தப் பதினைந்து நாளும் முடியவே கூடாது என்றிருந்தது.

பாவம், அம்மா. வெளிச்சம் ஆகாது என்று அப்பா எங்கள் வீட்டு ஸ்டாரைக்கூடப் போடவிடவில்லை. கரோல் பாடுகிறவர்கள் பெட்ரோமாக்ஸும் கொட்டுமாக ஒவ்வொரு வீடாக வந்து, எங்கள் வீடு இருட்டாகக் கிடப்பதைப் பார்த்து ஆளில்லை என்று நினைத்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா அவர்களுக்காகக் கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். பாட்டுச் சத்தம் எங்களைத் தாண்டிப் போவதைக் கேட்டபடி கதவடியில் நின்றாள்.

"நீங்க அங்க கெடந்தப்பவும் இந்த வீடு இருட்டு. வந்த பொறவும் இருட்டாக்கும்" என்றாள். சண்டை போடும் குரலே இல்லை.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அப்பா மாறிப்போனார். கையேட்டைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குள்ளது இல்ல இந்தப் பணி. படிச்சவனுக்குள்ளதாக்கும். வெறுதே ஒரு கிறுக்கு" என்றார். மவுண்டில் ஒரு குறையும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. எல்லாக் கோளாறும் என் வாய்க்குள் இருந்தது.

கடைசி நாள் அவர் தொலைநோக்கியை மாட்டவில்லை. இருட்டியதும் முற்றத்தில் குந்தி, திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. மலைமேல் அந்த வெள்ளைப் புள்ளி.

"அப்பா, அது நட்சத்திரம் இல்ல."

"எது?"

"அது மலச்சபை ஸ்டாராக்கும். நாங்கதான் கெட்டினோம்."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ எப்பம் அறிஞ்ச?"

"முதல் நாளே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"படம் கிடச்சா நீங்க உள்ள போயிருவீங்கல்லா."

அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா ஓரமாகக் கிடந்த வெட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து மடியில் இருத்திக்கொண்டார்.

"கிளாஸ்ல ஒனக்கப் பக்கத்துல ஆரு இருக்கா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவள் நன்றாகப் படிப்பாளா, அவளுக்கு எங்கே வீடு என்று கேட்டார். எந்த டீச்சரைப் பிடிக்கும், எந்த டீச்சர் அடிப்பார், பல் விழுந்தபோது அழுதேனா என்றெல்லாம் கேட்டார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. செய்த தப்பை அன்றைக்கே சரிக்கட்டிவிடவேண்டும் என்று தவித்தேன். "இப்ப எடுங்கப்பா, மானம் தெளிஞ்சு கெடக்கு" என்று திரும்பத் திரும்ப அவரை நச்சரித்தேன்.

"இனி எடுக்கண்டாம். நீ கொஞ்சம் இரி" என்றார்.

எனக்கு அது தண்டனையாகப் பட்டது. விடிகாலையில் அமரவிளைச் சித்தப்பாவின் காரில் அவர் ஏர்போர்ட்டுக்குப் போனார். மவுண்ட் அலமாரி மேல் போய்விட்டது. ஒரு மனிதர் அவ்வளவு தூரம் சுமந்துவந்த ஆசையை நான் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது நானும் வளைகுடாவில்தான் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போன குளிர்காலத்தில் கூட வேலை செய்கிறவர்களோடு பாலைவனத்தில் ஓர் இரவு தங்கப் போனேன். அப்பா அந்தக் காலத்தில் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பைத் தாண்டித்தான் போகவேண்டும், அங்கிருந்து அரைமணி நேரம். கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடாரத்துக்குள் போனபிறகு நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மரமில்லை, பனியில்லை, மலையில்லை. துருவ நட்சத்திரம் யாரும் தேடவேண்டாதபடி உயரத்தில் நின்றது. ஓரியனின் கீழே அந்தப் புகை வெறும் கண்ணுக்கே தெரிந்தது. படம்தான் வேண்டும் என்றால் அப்பா ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் இங்கே வந்திருக்கலாம். ஈரமும் ரப்பரும் மூடிய எங்கள் வானத்துக்கு அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கவே வேண்டாம்.

ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை. இவ்வளவு வானம் இங்கே அவருக்கு இருந்தது. பக்கத்தில் நின்று "எங்கப்பா, எங்க" என்று கேட்க ஒரு பிள்ளை இல்லை. கூடாரத்தில் யாரையாவது எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்தேன். எல்லோருக்கும் காலையில் டியூட்டி இருந்தது. நான் மட்டும் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.