களி உருண்டையும் சித்தேரிப் பாதையும்

களி கிண்டும் கோல் பானையின் அடியில் "கரக் கரக்" என்று உரசும் சத்தமும் வெந்த ராகி மாவின் வாசனையும் சேர்ந்து வந்தால், இன்றைக்கும் நாக்கில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் என் காது ஒரு சலங்கைச் சத்தத்தைத் தேடும். அதற்குக் காரணம் என் அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியிலும், பிறகு உலகச் சண்டை நடந்த வருஷங்களிலும், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்குத் தபால் பை தூக்கிக்கொண்டு ஓடும் "ரன்னர்" வேலை அவருக்கு. தோளில் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி என்று விடியும்போதே கிளம்பி மலையேறுகிறவர், பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்துவிட வேண்டும்.

ஓடுகிற மனிதர் அளவாகத்தான் சாப்பிடுவார் என்று நினைத்தால் நீங்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை. தேங்காய்ப் பருமனில் ஓர் உருண்டை, அதன் நடுவில் ஒரு குழி, குழி நிறைய மொச்சைக்கொட்டைக் குழம்பு. அது உள்ளே போன கையோடு இன்னோர் உருண்டை. கருவாடு இருந்துவிட்டால் பேச்சே கிடையாது. சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தட்டி, "இதுதான் புள்ள என் கால ஓட்டுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஈட்டியை எடுப்பார்.

அவர் போன பிறகு எங்களுக்குப் பயம் ஆரம்பமாகும். மலையில் கரடி உண்டு. அவருக்கு முன்னால் அதே வேலை பார்த்தவர் காட்டு ஓடை வெள்ளத்தில் போய்விட்டார்; பை மட்டும் ஒரு புதரில் மாட்டிக் கிடைத்தது. அந்தப் பையைத்தான் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள் என்று ஊரில் யாரோ சொல்ல, பாவாடை தடுக்கும் வயதில் இருந்த நான் அதைத் தொடக்கூடப் பயந்தேன்.

போதாததற்கு எங்கள் தெருவில் ராஜம்மா என்று ஒருத்தி இருந்தாள். குழந்தைகளுக்குக் குடல் ஏறிவிட்டால் விளக்கெண்ணெய் தடவித் தட்டி இறக்கிவிடுகிறவள், ஆகையால் வயிற்றைப் பற்றி அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஒருநாள் அப்பா சாப்பிட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்தவள், "வவுறு முட்டத் தின்னுட்டு மல ஏறுறாரே, ஒரு நாளக்கி கொடலு ஏறி மார அடச்சிக்கும்டி. அங்க யாரு தட்டுவா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து உருண்டை சிறுத்தது. "என்னாடி, களி குளுருல சுருங்கிப்போச்சா?" என்று அப்பா கேலி செய்தார். "சண்டக் காலங்க. ராகி எங்க கெடைக்குது?" என்றாள் அம்மா. ஊரில் பஞ்சம் நிஜமாகவே இருந்ததால் அவர் நம்பிவிட்டார். எங்கள் குதிரில் மட்டும் ராகி இருந்தது. அப்பா மறுசோறு கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மார்கழியில் ஒருநாள் பொழுது சாய்ந்தது, சலங்கைச் சத்தம் வரவில்லை. நானும் அம்மாவும் மொச்சைக் கொல்லையின் ஓரத்தில் நின்றோம். மலை கறுத்துக்கொண்டே வந்தது. அம்மா என் கையை விடவே இல்லை. கரடியோ ஓடையோ அவள் நினைப்பில் இல்லை. "அப்பவும் கொஞ்சமாத்தான போட்டேன், கொஞ்சமாத்தான போட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு அப்பா வந்தார். கூடவே சித்தேரிக்காரர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பசி மயக்கத்துல பாதயில வுழுந்து கெடந்தாருங்க. தூக்கிட்டுப்போயி சாம அரிசிச் சோறு போட்டோம். அவரு தின்னதப் பாத்து எங்க வூட்டுப் பொம்பளைங்க அழுதுட்டாங்க. ஏம்மா, இம்மாந்தூரம் ஓடுற மனுசனுக்கு வூட்ல சோறு போட மாட்டீங்களா?" என்றார். அம்மா தெருவென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள். "கொடலு ஏறிரும்னு பயந்துட்டேங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு அவள் கிண்டிய களியை அவர் ஒருவரே தீர்த்தார்.

சண்டை முடிந்த பிறகு மரம் ஏற்றும் லாரி மலைக்குப் போக ஆரம்பித்தது. தபால் பையும் அதிலேயே போயிற்று. அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மாவும் நானும் நிம்மதியாகத் தூங்கினோம். ஆனால் இப்போது அவரே உருண்டையைப் பிட்டுப் பாதியைத் தள்ளி வைத்தார். "ஓடாத வவுத்துக்கு எதுக்குடி இவ்ளோ?" என்றார். கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் அதே கதைதான். கன்னம் ஒட்டியது, தொடை வற்றியது. அடுத்த மார்கழியை அவர் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சித்தேரிக்குப் பேருந்து போகிறது. அதில் போனபோது, அவர் ஓடிய ஒற்றையடிப் பாதையை ஜன்னல் வழியாகத் தேடினேன். முள் மூடிக் கிடக்கிறது, ரன்னர் என்றால் யார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அந்த மலையை நினைத்து அத்தனை வருஷம் நடுங்கியவள், கடைசி நாட்களில் தொடாத தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பாயில் கிடந்தவரைக் கெஞ்சினாள்: "எந்திரிங்க. ஒரே ஒரு நட மலைக்கிப் போயிட்டு வாங்களேன்."