பாலத்தின் மேல் பறக்கவிருந்த கார்

வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் மருந்து ஒன்றுதான்: பறக்கும் கார். அமெரிக்காவில் செய்துவிட்டார்களாம், பத்திரிகையில் படம் போட்டிருக்கிறானாம், அடுத்த வருசம் இங்கேயும் வந்துவிடுமாம். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அந்த அடுத்த வருசம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் பாம்பனுக்கு அப்போது சாதாரணக் கார் வருவதே பெரும்பாடு. மண்டபத்திலிருந்து கடலைத் தாண்ட ரயில் பாலம் மட்டும்தான். காரைத் திறந்த வேகனில் ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டி, ரயிலோடு கோத்துக் கொண்டுவர வேண்டும்.

தோணியில் கொழும்புக்குப் போன வாப்பா திரும்பி வராத வருசத்திலிருந்து சாச்சா படகில் கால் வைத்ததில்லை. படகு வேண்டாம் என்றால் மனுசனுக்குப் பறப்பதைத் தவிர வேறு வழி ஏது?

என் நிக்காஹ் பேசி முடிந்ததும், "மாப்பிள்ளைய பறக்குற கார்லதான் கொண்டு வாரேன்" என்றார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை மாலையோடு காரில் தெருச்சுற்றி வந்தால்தான் கௌரவம். கல்யாண நாள் வந்தது, அமெரிக்காக்காரன் வரவில்லை. சாச்சா இராமநாதபுரத்தில் ஒரு வாடகைக் காரைப் பிடித்தார். வேகனில் ஏற்றிப் பாலத்துக்கு வந்தால் கீழே கடல், மேலே வானம். பறப்பதற்கு இது போதாதா என்பது அவர் கணக்கு.

மண்டபத்தில் வேகன் மேல் நின்ற காருக்குள் மாப்பிள்ளையும் சாச்சாவும் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார்கள். ஆள் இறங்கினால்தான் வேகனைக் கோப்போம் என்றார் ரயில் கார்டு. "ஆளில்லாமப் போனா அது சரக்குய்யா, காரில்ல" என்றார் சாச்சா. வாக்குவாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரோடும் ரயில் கிளம்பிவிட்டது.

பாம்பனில் இறங்கியவர்கள், "மாப்பிள்ள பின்னால கார்ல வாராரு" என்றார்கள். பின்னால் வெறும் தண்டவாளம்தான் கிடந்தது. மண்டபத்திலிருந்து அடுத்த ரயில் மறுநாள்தான். மாப்பிள்ளை வள்ளத்தில் வந்துவிடலாம். ஆனால் வாப்பா இல்லாத பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கிற உரிமை சாச்சாவுக்குத்தான். அவர் எதில் வருவார்? சாயங்கால ரயிலுக்கு நாங்கள் திரும்புகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் அந்த அமெரிக்காக்காரனை மனதார வைதேன்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்த பிறகு, தங்கச்சிமடத்து மீன்கார வள்ளம் ஒன்று கரைக்கு வந்தது. ஜன்னலில் நின்ற தங்கச்சி கத்தினாள்: "லாத்தா, மாப்பிள்ள வந்துட்டாரு! அங்கன இன்னொருத்தரும் இருக்காரு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு... லாத்தா, நம்ம சாச்சா!"

சாட்சிகளோடு என் சம்மதம் கேட்கச் சாச்சா உள்ளே வந்தபோது அவருடைய கைலி நனைந்திருந்தது, சட்டையில் மீன் செதில். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கேட்பதற்கு முன்பே "சம்மதம்" என்றேன்.

சாச்சா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருசம்னா கார்லயே வந்திருப்பேம்மா" என்றார்.