சோலை மண்ணும் சுருளியம்மாளும்

விறகுச் சுமையை இறக்கி வைக்கச் சொல்லி, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு சுள்ளியின் முனையையும் சுருளியம்மாள் விரலால் தடவிப் பார்க்கிறார். தானாக ஒடிந்து விழுந்த கிளைக்கு முனை பிசிறாக இருக்கும். அரிவாள் பட்டதென்றால் வழவழப்பாக இருக்கும். வெட்டுப்பட்டது ஒன்றும் அகப்படவில்லை. அதோடு அவருடைய சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள். "வெட்டிப்புட்டு முனையைக் கல்லுல தேச்சுக் கொண்டாந்திருக்கியாடி?" என்று கேட்கிறார். விறகுக்காரி சுமையை மறுபடி கட்டிக்கொண்டு போகிறாள். காந்தலூரில் இதற்கெல்லாம் கோபப்பட்டு முடியாது. குளிருக்கும் அட்டைக்கும் பழகியது போலச் சுருளியம்மாளுக்கும் ஊர் பழகிவிட்டது.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. சேலைக்கு மேல், எந்த எஸ்டேட் கண்டக்டரோ கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டு. சொந்தமாகக் கொஞ்சம் வெள்ளைப்பூண்டு விவசாயம். அடுத்தவர் நீட்டும் வெற்றிலையை வாங்கமாட்டார்; வாங்கினாலும் அவர்கள் போட்டு மென்ற பிறகுதான் போடுவார். ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார். "அவன் எங்க உக்காந்து சொல்றானோ, இங்கன வந்து பாத்தானா?"

ஊருக்கு மேலே மலை மடிப்பில் ஒரு சோலை இருக்கிறது. உள்ளே கால் வைத்தால் தரை ஈர மெத்தையாக அமுங்குகிறது. யார் காலத்திலிருந்தோ விழுந்து மக்கிய இலையெல்லாம் சேர்ந்து கன்னங்கரேலென்ற மண். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை அந்த மண் கோடை முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட, அது வாய்க்காலாகி இறங்கித்தான் ஊரின் பூண்டு வயல்கள் பிழைக்கின்றன. அதனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சோலைக்குள் இரும்பு போகக்கூடாது. மண் வெளியே வரக்கூடாது. மீறினால், மீறிய வீட்டின் வயலுக்குப் போகும் மடையை அடுத்த மழை வரை அடைத்துவிடுவார்கள்.

காவலுக்கு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துப் போகிறார்கள். சுருளியம்மாள் மட்டும் எல்லார் முறைக்கும் போகிறார். ஏன் என்று கேட்டேன். "முறைக்காரனை யாருய்யா பாக்குறது?" என்றார். நியாயமான கேள்விதான். அவரை யார் பார்ப்பது என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னையும் அவர் விடவில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று சொன்னதும் என் ஜோல்னாப் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். பேனா, சோப்பு, மாற்று வேட்டி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். பிஸ்கட்டை முகர்ந்து பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "எழுதுறேன்னுதான் அந்தக் கம்பெனிக்காரனும் வந்தான். எதுத்த மலையில எழுதிக்கிட்டே போனான். மறு வருசம் அங்கன பூராவும் சீமை மரம். இப்பப் போய்ப் பாருங்க, காக்கா குளிக்கத் தண்ணி கெடையாது" என்றார். எதிர்மலையைப் பார்த்தேன். மரங்கள் வரிசையாக நின்றன. நடுவில் ஓடை இருந்த இடம் வெறும் கல்லாகக் கிடந்தது. எரிச்சல் கொஞ்சம் இறங்கியது.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரி வாத்தியார் வந்திருக்கிறார். தாவரங்களைப் பற்றிப் படித்தவர். மரம் காற்றிலிருந்து இழுத்த கரிச்சத்தெல்லாம் இந்த மண்ணுக்குள்தான் அடைந்து கிடக்கிறது, ஈரமாக இருக்கும்வரை அப்படியே இருக்கும், தோண்டிக் காயவிட்டால் திரும்பவும் காற்றோடு போய்விடும் என்று ஊர்க்காரர்களுக்கு விளக்கியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பிக்கை வரட்டும் என்று காய்ந்த மண்கட்டி ஒன்றில் தீக்குச்சியைக் கிழித்து வைத்துவிட்டார். அது வறட்டி போலக் கனன்று புகைந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. சுருளியம்மாள் மட்டும் கோட்டைக் கழற்றி அதை அமுக்கி அணைத்துவிட்டு, வாத்தியாரை ஜீப் நிற்கிற இடம் வரை பின்னாலேயே போய் வழியனுப்பியிருக்கிறார். "மண்ணு எரியும்னு கீழ நாலு பேருக்குத் தெரிஞ்சா மலை மிஞ்சுமா? நல்லவன் செய்யுற வேலையா அது?"

நான் போயிருந்த அந்த மாசி மாதம் வாய்க்கால் வழக்கத்தைவிட மெலிந்து ஓடியது. பூண்டு காய் இறங்குகிற, மண்ணுக்கடியில் பல் பருக்கிற நேரம். மழை குறைவா, வேறெதுவுமா என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது சுருளியம்மாள் சோலைக்குள் ஒரு குழியைக் கண்டுபிடித்தார். மேலே இலையைப் பரப்பி மூடியிருந்தார்கள். கீழே கறுப்பு மண் கூடைக்கணக்கில் அள்ளப்பட்டிருந்தது. அன்று காலையிலிருந்தே வீடு வீடாகப் புகுந்தார். சாணக் குப்பையைக் கிளறினார், கோழிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தார். வாசல்களில் நின்று அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கூடவே போன எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பக்கத்து வயல்காரர் செல்லத்துரை மேல் அவருக்கு வெகுநாள் சந்தேகம். செல்லத்துரையின் தொழுவத்தைப் புரட்டிப்போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அதுவரை பொறுமையாக இருந்த மனிதர் அப்போதுதான் பேசினார். "ஊரு பூராப் பாத்துட்டீக. ஒங்க வீட்டுப் பின்பக்கத்தையும் ஒருக்காப் பாத்துருங்க அக்கா."

சுருளியம்மாள் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வாங்க, ரெண்டு பேரும் வந்தே பாருங்க" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, பெரணித் தழையால் மூடிய பாத்தி ஒன்று இருந்தது. தழையை விலக்கினார். முட்டைக்கோஸ் நாற்று, பச்சைப்பசேலென்று. அடியில் சோலை மண். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பிறகு மெதுவாக அதை விழவிட்டார்.

மகள் ராமுத்தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வீட்டோடு இருக்கும் மருமகன் பெரியமுத்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். "அவுக நாத்துக்குன்னு கொஞ்சூண்டுதாம்மா அள்ளுனாக. நம்ம வீட்டை நீ எங்க பாக்கப்போறேன்னு..." என்று தொடங்கியவள், தாயின் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள். "பூண்டு காய் எறங்குற நேரம்மா. இப்ப மடையை அடைச்சா வருசம் பூரா என்னத்தத் திங்குறது?"

சுருளியம்மாள் பெரியமுத்துவைப் பார்த்தார். "என் முறையில நான் மேல நிக்கயிலதான் அள்ளுனீகளா மாப்பிள?"

"நீங்க சோறு திங்க வர்ற நேரத்துல, அத்த" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. காலையிலிருந்து கூடவே அலைந்த அலுப்பில், இவருக்கு ஒரு நாள் இது வேண்டும் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். வந்த பிறகு அது இனிக்கவில்லை.

செல்லத்துரைக்கும் இனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் எதையும் பாக்கல. இந்தப் பத்திரிகைக்கார அய்யாவும் பாக்கல. மண்ணைக் கொண்டுபோய்க் குழியில கொட்டிருங்க. இதோட விட்ரலாம்" என்றார்.

அவர் மனதார இரங்கிச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுருளியம்மாளுக்கு இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு செல்லத்துரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு நீ பாக்கலம்ப. நாளைக்கு நீ அள்ளயில நான் பாக்கக்கூடாதும்ப. அப்படித்தான?"



சுருளியம்மாள் வாய்க்காலுக்கு நடந்தார். தன் வயலுக்குப் பிரியும் மடையின் வாயில் ஒரு கல்லைத் தள்ளினார். இடுக்குகளில் வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல்கரணையைச் செருகி, சேற்றை அப்பி, குதிகாலால் மிதித்து இறுக்கினார். கடைசிக் கசிவும் நின்றது. தண்ணீர் அவர் பூண்டைத் தாண்டிச் செல்லத்துரையின் வயலுக்குப் போயிற்று. ராமுத்தாயின் அழுகை அங்கே வரை கேட்டது.

வேலை முடிந்தது என்று நான் திரும்பினேன். அவர் திரும்பவில்லை. ஈரக் கையைக் கோட்டில் துடைத்தார். அடைத்த மடையின் மேலேயே, தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.