மாடியிலிருந்து வந்த காலி வீடு

சித்தப்பா அந்த வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கூடத்து டிவிக்குக் கீழே வைத்த நாளிலிருந்தே அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட பொருளில் ஒருவரும் விளையாடவில்லை என்பதே அவளுடைய முதல் சந்தேகம். சித்தப்பா அதைப் படம் பார்ப்பதற்காகத்தான் வாங்கியிருந்தார். படங்கள் மாடியில் அவருடைய கணினியில் இருந்தன. ஜீவனஹள்ளியின் அந்தச் சிறிய வீட்டில் அவை கம்பியேதும் இல்லாமல் சுவர்களைக் கடந்து கீழே வந்து, பெட்டிக்குள் நுழைந்து, டிவியில் ஓடின. ஒரு கம்பெனியில் கணினிகளைப் பழுதுபார்த்துவந்த சித்தப்பாவுக்கு இது சாதாரணம். எங்களுக்கு அப்படியில்லை.

கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் சித்தப்பாவும் சித்தியும். சமையல் மட்டும் கீழே, ஒரே அடுப்பில். எங்கள் சந்தில் கல்யாணமான அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பில் சாப்பிட்ட வீடு எங்களுடையது மட்டுமே. அம்மாவுக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. அடுப்பு இரண்டானால், தம்பி தனியே போய்விட்டான் என்று சந்து சொல்லாது. மூத்த மருமகள் துரத்திவிட்டாள் என்றே சொல்லும்.

அந்த வருடம் பயம் பெருமையை முந்தியது. சித்தப்பாவும் சித்தியும் ஞாயிறுதோறும் "சும்னே ஒரு ரவுண்டு", சும்மா ஒரு சுற்று, என்று கன்னடம் கலந்து சொல்லிப் புறப்பட்டுப் போய், செருப்பில் செம்மண்ணோடு திரும்பினார்கள். சித்தப்பா மொட்டைமாடிக்குப் போய் யாரிடமோ தெலுங்கில் பேசினார். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெலுங்கு தெரியாது. அதனாலேயே அவர் அந்த மொழியைத் தேர்ந்தார் என்று அம்மா முடிவு கட்டினாள். போனின் மறுமுனையில் பேசியவருக்குத் தெலுங்கு மட்டுமே தெரிந்திருக்கலாம் என்ற வாய்ப்பை அவள் பரிசீலிக்கவில்லை.

பெட்டியும் அவள் சந்தேகத்துக்கு உதவியது. அணைத்த பிறகும் அதன் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. ஓடும்போது உள்ளிருந்த விசிறி பெருமூச்சு விட்டது. சித்தியைப் பற்றி அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அம்மா முதலில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போர்த்துவாள். ஒருமுறை சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணி, மேலேருந்து நான் எடுத்து வைக்கிறதுதான் இங்க வரும். இங்க பேசறது மேல வராது."

"கீழ சம்ப்புல இருக்கிற தண்ணி, மோட்டாரப் போட்டா மேல டேங்குக்கு ஏறலையா?" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்துக்கொண்டே மாடியேறினார். அந்தச் சிரிப்பையும் அம்மா கணக்கில் எடுத்துக்கொண்டாள். அப்பா அந்தத் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் நாளெல்லாம் இரும்பு அலறுவதைக் கேட்டுவிட்டு வருபவர் அவர். வீட்டில் தம் பங்குக்கு ஓசை சேர்க்க விரும்பாதவர்.

எனக்கு ஒன்பது வயது. மாடியில் என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கி வரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பரீட்சைக்குரிய கவனத்தோடு செய்தேன். சித்தி எனக்குத் தலைபின்னிவிடும்போதுகூட, அவள் விரல்கள் ஏன் இன்று வேகமாகப் போகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைப் போட்டால் திரையில் சித்தப்பா பிரித்துவைத்த தலைப்புகள் வரிசையாக வரும். தமிழ்ப் படம், கன்னடப் படம், பழைய பாட்டு, கடைசியில் 'பாப்பா'. அது எனக்கான கார்ட்டூன்கள். அதை என்னைத் தவிர வேறு யாரும் திறப்பதில்லை. மற்றவற்றைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல், அந்தக் கார்ட்டூன்களுக்கு நடுவே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒன்று இருந்தது. திறந்தேன்.

ஒரு காலி வீடு. கைபேசியில் நடந்துகொண்டே எடுத்தது. வெள்ளைச் சுவர்கள், பாலிதீன் உறை பிரிக்காத கதவு, தரையில் பெயிண்ட் துளிகள். சமையலறையில் சித்தி நின்று, மேல் அலமாரியை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். எட்டுகிறதா என்று சித்தப்பாவின் குரல் கேட்டது.

"எனக்கு எட்டுது. அக்காவுக்குத்தான் ஸ்டூல் போடணும்" என்று சொல்லிச் சித்தி சிரித்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு வந்து, நின்றபடியே முழுவதும் பார்த்தாள். வீடு பிரியப்போகிறது என்பதைவிட அந்த ஸ்டூல் அவளை அதிகம் தாக்கியதாக எனக்குத் தோன்றியது. "என் உயரத்தப் பேசறதுக்கு அங்க வரைக்கும் போயிருக்காங்க" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சந்தில் இனித் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவருக்கும் போட்டுக் காட்டினோம். ஜன்னல் வரும் இடத்தில் சற்று முன்னுக்குக் குனிந்தார். "காத்தோட்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சித்தப்பாவும் சித்தியும் இறங்கி வந்தார்கள். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "கிழக்குப் பாத்த வாசலா?"

சித்தப்பாவின் கை தட்டில் நின்றது. "ஆமாண்ணா. ஆனேக்கல் பக்கம். ஆபீசுக்குக் கிட்ட."

சித்தப்பா தலையைத் தூக்காமலே தொடர்ந்தார். "ஆவணியில பால் காய்ச்சலாம்னு இருக்கோம். அண்ணிதான் வந்து அடுப்பப் பத்தவைக்கணும். சந்துல எல்லாரையும் கூப்பிடப்போறோம்."

"நீங்க வரலன்னா பூட்டு அப்படியே தொங்கட்டும்க்கா" என்றாள் சித்தி. அவள் கண் கலங்கியிருந்தது.

மூத்தவள் தன் கையால் பற்றவைத்த அடுப்பைச் சந்தே நின்று பார்த்தபின், அவள் துரத்திவிட்டாள் என்று யாரும் வாய்திறக்க முடியாது. இதை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அம்மா யாரும் கேட்காமலே ரசம் எடுக்க உள்ளே போனதையும், வெகுநேரம் கழித்து வந்ததையும் மட்டுமே கண்டேன்.

"ஸ்டூல வாங்கி வைங்க" என்றாள், சிரிக்காமல்.

நான் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கப் போகிறார். சந்தேகம் நேரே என்மேல் விழும். அதற்கு ஒரு பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி, வெகுநாளாகப் பட்டினி கிடந்தவர்போல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். 'பாப்பா'வில் அந்தக் காலி வீடு இல்லை. அந்த இடத்தில் ஒரு புதிய கார்ட்டூன் இருந்தது. கைதவறி என் தலைப்பில் போட்டுவிட்ட இரகசியத்தை, அகப்பட்ட பிறகாவது சித்தப்பா சாமர்த்தியமாக அழித்துவிட்டார் என்று கண்டுபிடித்து, அம்மாவிடம் ஓடிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "மேலேருந்து அவரு எடுத்து வைக்கிறதுதானே இங்க வரும்" என்றாள் அம்மா.