வேலணையில் எவரும் இல்லை

தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் நாகபூசணி தேடுவது தன் சிற்றலை வானொலியைத்தான். கடல் கடந்த நாடொன்றிலிருந்து மாலையில் தமிழில் செய்தி வரும். இரைச்சலுக்குள் ஊசியை மெல்ல மெல்ல நகர்த்தி அந்தக் குரலைப் பிடித்துவிடுவாள். எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்தபோது, தன் அண்ணன் கடை வைத்திருந்த தெருவின் பெயரை அவள் கேட்டது அந்தக் குரலில்தான். பிறகொரு நாள் நேயர் நிகழ்ச்சியில், "வேலணையிலிருந்து நாகபூசணி தம்பிஐயா" என்று அதே அறிவிப்பாளர் வாசித்தார். சந்தையில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்க, வானொலிக்குப் போடும் பற்றறி வருவது நின்றுபோனது. கணவர் தம்பிஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவார். டைனமோ மின்சாரத்தில் வானொலி பேசும். ஊசியை நகர்த்தும் மனைவியை அவசரப்படுத்துவார்.

"கெதியாய்ப் பிடியுமப்பா, கை உளையுது."

ஆவணியில் அரசாங்கத்தின் ஆமி வேலணைத் தீவுக்குள் இறங்கியது. ஊரில் பாதிப்பேர் வள்ளமேறி மறுகரையிலுள்ள அராலிக்குப் போய்விட்டார்கள். தம்பிஐயாவும் புறப்படத்தான் நினைத்தார். நாகபூசணிதான் மறித்தாள்.

"இஞ்சை சனம் இருக்கெண்டு ரேடியோவிலை சொல்லுவினம். உலகம் கேட்டுக்கொண்டிருக்கேக்கை அடிக்க யோசிப்பாங்கள்."

மறுநாள் காலை, மாட்டை அவிழ்க்கப் போன இடத்தில் தம்பிஐயா ஷெல்லுக்குப் பலியானார். புகையைக் கண்டால் மறுபடி அடிப்பார்கள் என்ற பயத்தில் உடலை எரிக்கவில்லை, பனங்காணிக்குள்ளேயே தாட்டார்கள்.

அன்று மாலை நாகபூசணி எழுந்து வானொலியை எடுத்தாள். அவர் செத்ததைச் சொல்லுவார்கள் என்று நம்பினாள். பக்கத்து வீட்டுப் பரிமளம் பெடலைச் சுற்றினாள். அதே அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்தது.

"வேலணையில் தற்போது பொதுமக்கள் எவரும் இல்லை என்றும், அனைவரும் முன்னரே வெளியேறிவிட்டனர் என்றும் படைத்தரப்பு தெரிவித்துள்ளது."

அடுத்தது கிரிக்கெட்.

பரிமளத்தின் கை நின்றது. "அவரிலை பிழையில்லை அக்கா. எழுதிக் குடுத்ததைத்தானே வாசிக்கிறார்."

"ஓம், வாசிக்கிறார். என்ரை பேரையும் அப்பிடித்தான் வாசிச்சிருக்கிறார். நான்தான் என்னைத் தெரிஞ்ச மனிசன் எண்டு நினைச்சிட்டன்."

விடிந்ததும் இருவரும் அராலிக்கு வள்ளமேறினார்கள். வானொலியைப் பரிமளத்தின் மடியில் வைத்துவிட்டு, "இனி இது உமக்கு" என்றாள் நாகபூசணி.

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தார்கள். மாலையானால் செய்தி கேட்கப் பரிமளத்தைச் சுற்றிச் சனம் கூடும். அந்த நேரம் பார்த்து நாகபூசணி வாளியோடு கிணற்றடிக்குப் போய்விடுவாள். தீவிலிருந்து புதிதாக யாரும் வந்தால் மட்டும் ஓடிப்போய், யார் யார் செத்தது, எங்கே தாட்டது என்று ஒவ்வொருவராக விசாரிப்பாள்.

ஒருநாள் பரிமளம் கிணற்றடிக்கே ஓடிவந்தாள். "அக்கா, தீவிலை சனம் செத்ததெண்டு இப்பதான் சொல்லுறாங்கள். வந்து கேளுங்கோவன்."

"ஆரின்ரையாவது பேர் சொன்னவங்களோ?"

"இல்லை."

நாகபூசணி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.