அவள் போட்ட சான்றிதழ்

கிரான் வயல்களிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்ற காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சேர்வரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, இணைப்பு பாதுகாப்பற்றது என்று திரையில் சிவப்பெழுத்து. பெரும்போக நெல் வெட்டு நேரம். வெட்டு மெசினுக்கு முறை பதிகிற செயலியை நடத்தியது மட்டக்களப்பு நகரிலிருந்த எங்கள் சின்ன அலுவலகம். "மழ இருட்டிக்கிட்டு வருது தம்பி. வட்டைக்குள்ள நெல்லு சாஞ்சி கிடக்கு. இதுல என்னத்த எழுதிக் கிடக்குதெண்டு எனக்கு வெளங்குதில்ல," என்றார். அவருக்குப் பின்னால் வாசலில் இன்னும் ஆறேழு பேர் நின்றார்கள்.

சேர்வரைப் பார்ப்பது ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பிள்ளையின் பொறுப்பு. அலுவலகத்தில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான். சான்றிதழ் என்பது சேர்வருக்கு அடையாள அட்டை மாதிரி. மூன்று மாதத்துக்கொருமுறை புதுப்பிக்காவிட்டால் போன்கள் அதனோடு பேச மறுத்துவிடும். இரண்டு கிழமைக்கு முன்பே புதியதைப் போட்டுவிட்டதாக அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். புதிய சான்றிதழ் வெளிக் கோப்புறையில் பத்திரமாக இருந்தது. செயலி ஓடுகிற கொன்டெய்னருக்குள், அதாவது அதை மூடி வைத்திருக்கும் பெட்டிக்குள், இருந்ததோ பழையது. எடுத்து வைத்தவள் உள்ளே போட மறந்திருக்கிறாள், போட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும், அவளிடமே அப்படிக் கேட்டும்விட்டேன்.

"சேர், நான் போட்டன். போட்டுட்டு வேலை செய்யிதா எண்டு கண்ணால பாத்தன்," என்றாள். செய்கிற வேலையையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பது அவள் பழக்கம். அதைத் திறந்து, திகதியும் நேரமும் எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள். "எழுதுறத்துக்கு என்ன புள்ள, நானும் எழுதுவன்," என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். அவள் கொப்பியை மூடினாள். நான் அவள் மேசையிலேயே உட்கார்ந்து புதிய சான்றிதழை உள்ளே போட்டேன், செயலி வேலை செய்தது, கமக்காரர்கள் முறை பதிந்துகொண்டு போனார்கள். அன்று எனக்கு என்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. மறுநாள் அவள் வரவில்லை, ராஜினாமாக் கடிதம்தான் வந்தது.

அடுத்த கிழமை கொழும்பு நிறுவனமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வேலைக்கு எழுதியிருக்கிறாள். விசாரிக்க என் பெயரையே கொடுத்திருக்கிறாள். அவ்வளவு பேச்சு வாங்கியவள், நான் நியாயமாகச் சொல்வேன் என்று நம்பியிருக்கிறாள் பாருங்கள். "கெட்டிக்காரிதான், ஆனால் செய்யாததைச் செய்ததாகச் சொல்வாள்," என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

அது நடந்து நாலைந்து நாளில் பட்டப்பகலில் மின்சாரம் போய் வந்தது. வந்ததும் போன்களில் அதே சிவப்பெழுத்து. உள்ளே மீண்டும் பழைய சான்றிதழ். நான் என் கையால் போட்டது காணாமல் போயிருந்தது. கொன்டெய்னரை எழுப்பும் கட்டளைக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பழைய கொன்டெய்னரை எறிந்துவிட்டு, அதன் மூல அச்சிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்பும்படி எழுதி வைத்தவன் நான். கமக்காரர்கள் வந்து நின்ற அந்தக் காலைக்கு இரண்டு மாதம் முன்பு ஏதோ அவசரத்தில், அப்போதிருந்த சான்றிதழில் ஒரு பிரதியை அந்த அச்சுக்குள்ளேயே வைத்தவனும் நான்தான். வைத்த வரிக்கு மேலே, 'இப்போதைக்கு மட்டும்' என்று என் பெயரோடு குறிப்பும் இருந்தது. அவள் சொன்னபடியே போட்டிருக்கிறாள். பிறகு வந்த ஒரு மின்வெட்டு அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டியிருக்கிறது. பழையதற்கு இன்னும் சில நாள் ஆயுள் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வரியை அழித்து, வெளிக் கோப்புறையில் இருப்பதையே எடுக்கும்படி எழுதினேன். சேர்வரைத் திருத்த அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அவளுக்குச் சொல்லவில்லை. நாளைக்குப் போன் எடுப்போம், பெருநாளுக்கு எடுப்போம் என்று மூன்று வருடத்தைக் கடத்தினேன். வெட்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், உண்மையில் அது கோழைத்தனம்.

போன மாதம்தான் ஏறாவூருக்குப் போனேன். சொந்தக்காரரின் புடவைக் கடையில் நிற்கிறாள். கம்ப்யூட்டர் வேலை அதன்பிறகு வாய்க்கவில்லையாம். மின்வெட்டிலிருந்து என் குறிப்பு வரை முழுவதையும் சொன்னேன். கொழும்புக்கு நான் சொன்ன வார்த்தைகளையும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இத எனக்கிட்ட ஏன் சேர் சொல்றீங்க? நான் போட்டன் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அவங்களுக்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். அப்படியொன்று செய்யலாம் என்றே இத்தனை நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவள் கோபப்படவில்லை. கடைக்கு வந்த ஒரு தாயும் மகளும் சீத்தைத் துணி கேட்டார்கள், எடுத்துக் காட்டப் போய்விட்டாள்.

அன்று பின்னேரமே கொழும்பு நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள். அன்று என்னிடம் விசாரித்தவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாம், பழைய விண்ணப்பங்களை அவர்கள் வைத்திருப்பதில்லையாம். என்ன விஷயம் என்று கேட்டாள். ஏறாவூர்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் சான்றிதழைப் போட்டவள்தான், பிழை என்னுடையது, அவளைப் பற்றி நான் சொன்னது பொய் என்றேன்.

"யார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.